மேப் அப்டேட்டும் ஆறாவது கியரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திரையில் என்ன கேள்வி வந்தாலும் படிக்காமல் ‘யெஸ்’ அமுக்குகிற ஆள் நான். என் போனில் தினமும் காலையில் யாரோ ஒரு ஜோசியர் எனக்குக் குட்மார்னிங் சொல்லி, இன்று வடக்கே போகாதே என்கிறார். நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. எப்போதோ ஒரு யெஸ் அமுக்கியிருப்பேன். ஒருமுறை ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போய், முகம் தெரியாத யாருக்கோ நன்கொடை கொடுத்துவிட்டு வந்தேன். ‘உன் தர்ம சிந்தனையே தர்ம சிந்தனை’ என்று மனைவி பாராட்டினாள். பாராட்டு முடிய இரவாகிவிட்டது.

இந்த லட்சணத்தில் நான் பெரம்பலூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். வாட்டர் வாஷில் சேர்ந்து, ஆயில் சேஞ்ச், கிளட்ச், இன்ஜின் என்று கை கறுத்து, கடைசியில் சட்டையை இன் செய்துகொண்டு வாசலில் நிற்கிற வேலைக்கு வந்தேன். மற்றவர்களுக்கு அட்வைஸ் செய்தால் சம்பளம் தருகிறார்கள். எனக்கு யாராவது அட்வைஸ் செய்தால் நான் கேட்டதில்லை. அதற்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்பதால்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்ஜினைப் பற்றி நீங்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். ‘யெஸ்’ பற்றி என்னைவிட அனுபவசாலி கிடைக்கமாட்டான்.

டெஸ்ட் டிரைவ் என்னும் பிறப்புரிமை

சர்வீஸ் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமல் டெலிவரி கொடுக்கக் கூடாது. இது எங்கள் தொழிலின் சட்டம். சின்ன வண்டி என்றால் ஷோரூமிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு டீ குடித்துத் திரும்பினால் போதும். பிரேக், கிளட்ச், ஹாரன், டீ நான்கும் செக் ஆகிவிடும்.

எங்கள் முதலாளி டூரிங் பைக் விற்பனையை எடுத்த பிறகுதான் சட்டம் சிக்கலானது. டூரிங் பைக் என்றால் லடாக் வரை போகிற வண்டி. முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு பெட்டி, ஹேண்டில்பாரில் வழி சொல்லும் ஜிபிஎஸ். ஆறு கியர். ஆறாவது கியர் போட வேண்டுமென்றால் ஊருக்குள் ஆகாது, ஹைவேக்குப் போக வேண்டும். ஹைவேக்குப் போனால் கியரில் ஏதோ சத்தம் வருகிற மாதிரி ஒரு சந்தேகம் வரும். சந்தேகம் தீர இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஒருமுறை எனக்கு வந்த சந்தேகம் தீருவதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதாகிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியாது போலிருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

மேடம்

எங்கள் ஷோரூமில் அந்த வண்டியை வாங்கியது ஒரே ஒருவர். பூங்கொடி மேடம். கல்லூரியில் ஜியாலஜி பேராசிரியர். ஐம்பதைத் தாண்டியவர். அந்த வண்டியைத் தள்ளுவதற்கே எங்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் ஒற்றைக் காலை ஊன்றித் திருப்பி நிறுத்துவார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பூமியெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அந்தக் கடல் ஜந்துக்கள் கல்லாகி, இன்றும் ஓடைகளிலும் பள்ளங்களிலும் கிடக்கின்றன. குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற ஊரில் கடல் இருந்தது என்றால் நம்பக் கொஞ்ச நேரம் ஆகும். மேடத்துக்கு அந்தக் கல்லைத் தேடுவதுதான் வேலை. அதற்காகத்தான் காடு மேடு ஏறுகிற வண்டி.

ஆனால் பேச்சில் மட்டும் அப்படி ஒரு சிக்கனம். நான் ஒரு பக்கம் பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். அதையும் யோசித்துத்தான் செலவு செய்வார்.

ஒரு வியாழக்கிழமை வண்டி வந்தது.

“வாங்க மேடம் வாங்க! வண்டியப் பாத்தே ரொம்ப நாளாச்சு. எப்படி ஓடுது? பிக்கப்பெல்லாம் பட்டாசா இருக்குமே!”

“ஓடுது.”

“ஜெனரல் சர்வீஸ் போட்டுரலாங்களா?”

“சர்வீஸ். மேப் அப்டேட்.”

“மேப்புல என்னங்க மேடம் கம்ப்ளைன்ட்?”

“குழி.”

நானாகக் கேட்டுக் கேட்டு எடுத்த விவரம் இதுதான். ஆலத்தியூர்ப் பக்கம் போகும்போது ஜிபிஎஸ் காட்டுகிற ரோடு நேராகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிக்குள் போகிறது. குழி வருவதற்கு முன்னால் அங்கே ரோடு இருந்தது. இப்போது சுற்றிக்கொண்டு வேறு ரோடு போட்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியவில்லை.

அதன் பிறகு மேடம், நான் பார்த்த வரையில், தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

“இதுக்குள்ள நான் குறிச்சு வச்ச எடமெல்லாம் இருக்கு. காரை கிராமத்துப் பள்ளத்துல ஒரு அம்மோனைட் இருக்கு, நத்தை மாதிரி சுருண்டு கல்லாப்போன கடல் ஜந்து. வண்டி வீல் அளவு. அப்படியே மண்ணுல பதிஞ்சிருக்கு. அத எடுக்கக் கூடாது, அங்கேயே வேலி போட்டுக் காப்பாத்தணும். ஞாயித்துக்கெழம வெளியூர்லேருந்து அதிகாரிங்க பாக்க வராங்க. பாத்தாத்தான் ஒத்துக்குவாங்க. இல்லன்னா அடுத்த மழையில போயிடும், இல்லன்னா எவனாவது ஒடைச்சு எடுத்துட்டுப் போயிடுவான். எடம் இதுல மட்டுந்தான் இருக்கு.”

“போன்ல ஒரு காப்பி...”

“போன் அன்னிக்கே பள்ளத்துல விழுந்துருச்சு.” ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “பத்திரம்.”

“கவலையே படாதீங்க மேடம். என் கையில குடுத்துட்டீங்கல்ல” என்றேன். பிரச்சினையே அதுதான் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அவர் போனதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

“சம்முவம், இந்த ஊர்ல அந்த வண்டிய வாங்குனது அந்தம்மா ஒருத்தங்கதான். அவங்கள வச்சுத்தான் நாலு பேரு வருவான்னு இருக்கேன். ஏதாவது கோளாறு பண்ணுன, பெரிய வண்டி செக்சன திருச்சிக்கு அனுப்பிடுவேன். ஒன்னையும் அனுப்பிடுவேன்.”

“திருச்சிக்குங்களா சார்?”

“ஒங்க வூட்டுக்கு.”

கேபிள்

மேப் அப்டேட் என்றால் டயருக்குக் காற்றடிப்பது மாதிரி ஏதோ சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். செய்து பார்த்தால்தான் தெரியும். ஜிபிஎஸ் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி, லேப்டாப்பில் சொருகி, அதற்கென்று இருக்கிற சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டும். திறந்தால் சாஃப்ட்வேர், எனக்கே முதலில் அப்டேட் வேண்டும் என்றது. கொடுத்தோம். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. செய்தோம். எழுந்த லேப்டாப், எனக்கும் அப்டேட் வேண்டும் என்றது. பந்தியில் ஒருவர் இலையில் இரண்டாவது அப்பளம் விழுந்துவிட்டால் வரிசையே கை நீட்டுமே, அந்தக் கதை.

அடுத்து கேபிள். ஷோரூமில் இருந்த கேபிளை எல்லாம் சொருகிப் பார்த்தோம். எல்லாமே சார்ஜ் ஏறுகிற கேபிள், மேப் ஏறாது. எங்கள் சீனியர் மெக்கானிக் ரஃபியும் நானும் மொபைல் கடைக்குப் போனோம்.

“இது டேட்டா கேபிளா?” என்றேன்.

“சார்ஜ் ஆவும்ணே” என்றார் கடைக்காரர்.

“டேட்டா போவுமா?”

“சார்ஜ் நல்லா ஆவும்ணே.”

“சம்முவண்ணே, நீ கஸ்டமர்கிட்ட பேசற மாரியே பேசறாரு பாரு” என்றான் ரஃபி.

சரியான கேபிள் நாலாவது கடையில் கிடைத்தது. வேலை தொடங்கியது. ‘மீதி நேரம் நாற்பது நிமிடம்’ என்று காட்டியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆறு மணி நேரம். சாப்பிட்டுவிட்டு வந்தால் பத்து நிமிடம். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் நாற்பது. ‘இதோ ஆச்சு மேடம், இன்னும் கொஞ்ச நேரந்தான் சார்’ என்று நான் வாசலில் சொல்கிற எல்லாவற்றையும் அது திரையில் ஒரு பட்டையில் ஓட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருட சர்வீஸில் அன்றுதான் என் கஸ்டமர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

வேகம் போதவில்லை என்று, வெயிட்டிங் ஹாலில் இருப்பவர்களுக்குக் கொடுத்திருந்த வைஃபையை ரஃபி நிறுத்தினான். அதுவரை தங்கள் வண்டி என்ன ஆனது என்றே கேட்காமல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தமாக எழுந்து வந்து, “எங்க வண்டி என்னாச்சு?” என்றார்கள். உடனே வைஃபையைத் திருப்பிப் போட்டோம். தொழில் ரகசியம் இது, குறித்துக்கொள்ளுங்கள்.

யெஸ்

வெள்ளிக்கிழமை காலையில் பட்டை கிட்டத்தட்ட முழுதாக நிரம்பி நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. திரையின் நடுவில் ஒரு கட்டம். அதில் இங்கிலீஷில் நாலு வரி. கீழே யெஸ், நோ.

கை தானாகப் போனது.

“என்னண்ணே கேட்டுச்சு?” என்றான் ரஃபி.

“யெஸ்ஸான்னு கேட்டுச்சு.”

“எதுக்கு யெஸ்ஸு?”

“அது அதுக்குத் தெரியும்டா. நமக்கு ஓடுனா சரி.”

ஓடியது. டிங் என்று ஒரு மணியடித்து முடிந்தும்விட்டது. பெட்டியை வண்டியில் மாட்டினேன். இத்தனை நாள் வழி சொன்ன நம்மூர்ப் பெண் குரல் போய், யாரோ ஒரு வெள்ளைக்கார துரை பேசினார். ‘பெரம்பலூர்’ என்பதை அவர் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி சொன்னார். போகட்டும், மேப் புதிது.

கம்ப்ளைன்ட் தீர்ந்ததா என்று அந்த இடத்துக்கே போய்ப் பார்ப்பதுதான் முறை. “ஆலத்தியூர்ப் பக்கம் வரைக்கும் டெஸ்ட் டிரைவ் போயிட்டு வரேன் சார்” என்று முதலாளியிடம் சொன்னேன். என் சர்வீஸில் நான் உண்மையைச் சொல்லிவிட்டுப் போன நீண்ட டெஸ்ட் டிரைவ் அது ஒன்றுதான்.

ரோடு எங்கே

புது மேப் போட்டு, துரை சொன்ன பக்கமெல்லாம் திரும்பிப் போனேன். ஒரு இடத்தில் தார் ரோடு முடிந்து மண். மண் முடிந்து ஒரு மேட்டுக்கரை, முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், கீழே ஒரு ஊரையே உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவு பெரிய குழி. அடியில் டிப்பர் லாரிகள் தீப்பெட்டி மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன.

‘நேராகச் செல்லவும்’ என்றார் துரை இங்கிலீஷில்.

பக்கத்தில் ஒரு அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆடுகளும் அவரும் என்னையே பார்த்தார்கள்.

“எங்கய்யா போவணும்?”

“இந்த ரோடு போற எடத்துக்குத்தாங்க்கா.”

“ரோடா? அதத்தான் எப்பவோ வெட்டி எடுத்துட்டாங்களே. சிமென்ட்டாயி இந்நேரம் எங்கயாவது வூடா நிக்கும். அங்க போயித் தேடு.”

“மேப்புல இருக்குதுங்களே. புது மேப்புங்க்கா இது. நேத்துலேருந்து ஏத்துனது.”

“மேப்புல எங்க மாமியா வூடுகூட இருக்கும். அதுவும் இந்தக் குழியிலதான் இருந்துச்சு. எறங்கிப் போயி ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வரியா?”

‘நேராகச் செல்லவும்’ என்றார் துரை மறுபடியும். ஒரு ஆடு வந்து ஜிபிஎஸ்ஸை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆகியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய புது மேப்பில் அதே பழைய ரோடு.

சரி, மேடம் குறித்து வைத்த இடங்களாவது புது மேப்பில் ஒழுங்காகக் காட்டுகிறதா பார்ப்போம் என்று ‘ஃபேவரிட்ஸ்’ என்ற இடத்தைத் தொட்டேன்.

காலி.

ஒரு புள்ளிகூட இல்லை. குழி ஓரத்தில் நின்றவன் குழிக்குள் விழுந்த மாதிரி இருந்தது. அந்த நாலு வரியில் என்ன கேட்டிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. புது மேப் வைக்க இடம் போதவில்லை, பழைய ஆட்களைக் காலி செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறது. நான் அதைவிட மரியாதையாக ஆமாம் என்றிருக்கிறேன்.

“என்னய்யா, மொகம் செத்துப்போச்சு?” என்றார் அக்கா.

“எடம் தொலஞ்சு போச்சுங்க்கா.”

“எங்களுக்குந்தான்” என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஹிஸ்டரி

ஷோரூமுக்குத் திரும்பி ரஃபியிடம் சொன்னேன்.

“யா அல்லா!” என்று தலையில் கை வைத்தான். “அந்தம்மா என்ன சொல்லிட்டுப் போச்சு? பத்திரம்னுச்சு. ஒரே ஒரு வார்த்தண்ணே. அதையும் காப்பாத்தல நீ.”

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டோம். அரைமணி நேரம் வீணை வாசித்துவிட்டு ஒரு பையன் வந்தான்.

“பேக்கப் எடுத்தீங்களா சார்?”

“அது கேக்கலியேப்பா. கேட்டிருந்தா யெஸ் அமுக்கியிருப்பேனே!”

அவன் வைத்துவிட்டான்.

இந்த ஊர்க்காரனான எனக்குக் காரை பள்ளங்கள் தெரியும். ஒன்று மாதிரி ஒன்று இருக்கும். இளகிய மண்ணில் மழைத் தண்ணீர் விரலால் கீறிய மாதிரி நூற்றுக்கணக்கில் வெடிப்புகள். அதில் ஒரு பள்ளத்தில் ஒரு சுருள் கல். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து நிற்கும்போது மேடம் எந்தப் பள்ளத்தைக் காட்டுவார்? வந்தவர்கள் வண்டி ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த மழை வரும். அது இத்தனை கோடி வருடம் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த ஜந்து. நான் ஒரு யெஸ்ஸில் தொலைத்துவிட்டேன்.

உட்கார்ந்து ஜிபிஎஸ்ஸில் இருக்கிற ஒவ்வொரு மெனுவாகத் திறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வொரு வரியையும் படித்தேன். புரியாததை ரஃபியின் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அப்படித்தான் ‘டிரிப் ஹிஸ்டரி’ என்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். வண்டி போன பாதையெல்லாம் தேதி வாரியாகக் கோடு கோடாக இருந்தது. அது தனி மெமரி கார்டில் இருந்ததால் என் யெஸ் அதை எட்டவில்லை.

ஒரு கோடு பாடாலூரில் ஹைவேயை விட்டுத் திரும்பி, காரையைத் தாண்டி, ரோடே இல்லாத இடத்தில் போய் நின்றிருந்தது.

“டேய் ரஃபி! கெடச்சிருச்சுடா!”

அவன் ஓடி வந்து பார்த்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அப்புறம் அவன் விரலால் கொஞ்சம் கீழே தள்ளினான்.

“அண்ணே, இதென்னண்ணே இது? நம்ம ஷோரூம்லேருந்து கெளம்பி அரியலூர் போயி, விக்கிரமங்கலம் போயி... போன சர்வீஸுக்கு வண்டி நம்மகிட்ட நின்ன தேதியில மேடம் எதுக்குண்ணே விக்கிரமங்கலம் போவுது?”

சொல்லிவிடுகிறேன். போன சர்வீஸ் அன்று விக்கிரமங்கலத்தில் என் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. முதலாளி லீவு தரவில்லை. பஸ்ஸில் போனால் கறிச்சோற்றின் கடைசிப் பந்திகூடக் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து மேடம் வண்டியின் ஆறாவது கியரில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மாமனார் ஊரே கூடி வந்து வண்டியைப் பார்த்தது. ‘வண்டி ஒங்களுதா மாப்ள?’ என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் பாடு. மச்சானைப் பின்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றியும் காட்டினேன். இப்போது மேப்பில் பார்த்தால் விக்கிரமங்கலத்தின் மேல் யாரோ முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது. மாமனார் வீட்டு வாசலில் பந்தி முடிகிற வரை வண்டி நின்றதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வேறு.

“அண்ணே, இது மொதலாளி கண்ணுல பட்டா நீ திருச்சிக்கில்ல, வூட்டுக்குத்தான்.”

“அந்த ஒரு கோட்ட மட்டும் அழிக்க முடியுமாடா?”

தேடினோம். அழிக்க வழி இருந்தது. தொட்டேன். கட்டம் வந்தது. நாலு வரி. யெஸ், நோ.

கை தானாகப் போனது. நான் என் கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்தேன். பொய்யில்லை, ரஃபி சாட்சி. பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது, அழித்தால் எல்லா ஹிஸ்டரியும் போகும், சரியா என்று கேட்டிருந்தது.

“அமுக்குண்ணே. மேடம் கேட்டா மெசின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். வேல முக்கியமா, கல்லு முக்கியமா?”

அந்தக் கேள்விக்கு நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது. கல் எனக்கு மாமனா, மச்சானா? ஆனால் அந்தம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துச் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை காதிலேயே நின்றது. சளசளவென்று பேசுகிறவர்கள் சொன்னதை மறந்துவிடலாம். ஒரு வார்த்தை பேசுகிறவர்களிடம் அந்த வசதி கிடையாது.

‘நோ’ அமுக்கினேன். அதுதான் என் முதல் நோ.

பின் சீட்டு

சனிக்கிழமை காலையில் மேடம் வந்தார். நான் முதலாளிக்குக் கேட்காத தூரத்துக்கு அழைத்துப் போய், கேபிளில் தொடங்கி ஆடு வரைக்கும் சொன்னேன். யெஸ்ஸையும் சொன்னேன். ஹிஸ்டரியையும் சொன்னேன். அதில் இருந்த முறுக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜிபிஎஸ்ஸைக் கையில் வாங்கி, ஹிஸ்டரியைத் திறந்து, விரலால் தள்ளிக்கொண்டே போனார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். விக்கிரமங்கலம் வந்தது. விரல் நின்றதா, நிற்கவில்லையா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. காரைக் கோட்டில் வந்து நின்றது.

“ஏறுங்க” என்றார்.

“நானா மேடம்? பின்னாடியா?”

“ஓட்டுறீங்களா?”

பின்னால் ஏறினேன். முதலாளி கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தார். டெஸ்ட் டிரைவ் என்று சைகை காட்டினேன். பாடாலூர் வரை மேடம் ஆறாவது கியரில் போனார். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. உயிர் பயம் மட்டும் வந்தது.

கோடு முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் வெடித்த மண், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிப் பள்ளம்.

“அன்னிக்கு எந்தப் பக்கமா எறங்கினீங்க மேடம்?”

“வண்டிக்கு நேர் பின்னாடி. ரெண்டாவது பள்ளம்.” சுற்றிலும் பார்த்தார். “வண்டி எங்க நின்னுதுன்னு சரியாத் தெரியணும்.”

ஜிபிஎஸ் காட்டுகிற புள்ளி பத்தடி இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும். மற்ற இடத்தில் பத்தடி ஒன்றுமில்லை. அங்கே பத்தடியில் பள்ளமே மாறிவிடும். ஒரு மணி நேரம் ஏறி இறங்கினோம். இரண்டு முறை நான் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி இறங்கினேன். பேண்ட்டின் பின்பக்கம் போனது. மேடம் முதல்முறையாக நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு மேட்டில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி வண்டியைப் பார்த்தேன்.

வண்டியின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல். பொலபொலவென்ற மண்ணில் இவ்வளவு கனமான வண்டியை நிறுத்தினால் ஸ்டாண்டு உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிடும். அதனால் இறங்கியதும் மேடம் ஒரு கல்லைத் தேடிப் போட்டிருந்தார். டெலிவரி கொடுக்கும்போது நான் சொல்கிற பத்து அறிவுரைகளில் யாராவது கேட்டது அது ஒன்றுதான்.

“மேடம், அன்னிக்கும் ஸ்டாண்டுக்குக் கல்லு போட்டீங்களா?”

நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்துவிட்டார்.

கொஞ்ச தூரத்திலேயே கிடைத்தது. மண்ணில் பாதி அமுங்கிய ஒரு தட்டைக் கல். நடுவில் ஸ்டாண்டு அழுத்திய கீறல். பக்கத்தில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. அது என் சர்வீஸ். கீறலின் சாய்வைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் முகம் வைத்து நின்றது என்று நான் சொன்னேன். நேர் பின்னால், இரண்டாவது பள்ளத்தில் மேடம் இறங்கினார். நான் மேலேயே நின்றேன். பேண்ட் நிலைமை அப்படி.

மண்ணைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து, “வாங்க” என்றார்.

மண்சுவரில் பாதி வெளியே, பாதி உள்ளே, ஒரு சுருள். வீல் அளவு என்று அவர் சொன்னது மிகையில்லை. ஸ்போக் மாதிரி வரி வரியாக நடுவிலிருந்து விரிந்துகொண்டே வந்தது. மேடம் மண்டியிட்டு அதன் மேலிருந்த மண்ணை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கடல் இருந்தது என்பதை நான் அங்கே நின்றுதான் நம்பினேன்.

ஜிபிஎஸ்ஸைக் கழற்றி எடுத்து வந்து அந்த இடத்தை மறுபடியும் குறித்தார். கட்டம் வந்தது. என்னிடம் நீட்டினார்.

“படிங்க.”

ஸ்கூல் பையன் மாதிரி சத்தமாகப் படித்தேன். இந்த இடத்தைச் சேமிக்கவா? யெஸ், நோ. அவர் தலையாட்டிய பிறகுதான் அமுக்கினேன். அப்புறம் என் போனிலும் அவருடைய புதுப் போனிலும் ஒவ்வொரு காப்பி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். முதலில் காப்பி எடுங்கள். பிறகு படியுங்கள். கடைசியாக அமுக்குங்கள். வரிசை மாறினால் பேண்ட் கிழியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து பார்த்தார்கள். வேலி போட ஒத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை மேடம் ஷோரூமுக்கு வந்து அதை முதலாளியிடமே சொன்னார். முதலாளிக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மேடம் முகம் சுளிக்கவில்லை என்பது தெரிந்தது.

“நம்ம சம்முவம் டெஸ்ட் டிரைவ் பண்ணாம வண்டியக் குடுக்கவே மாட்டான் மேடம்” என்றார் பெருமையாக.

“தெரியும்” என்றார் மேடம்.

முதலாளி உள்ளே போனதும் வாசல் வரை கூடவே போனேன். ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். சும்மா அனுப்பியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“அப்பறம் மேடம், வண்டியில வேற எதாவது கம்ப்ளைன்ட் இருக்குங்களா? ஆறாவது கியர்ல ஏதாவது சத்தம், கித்தம்?”

மேடம் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணாடியை இறக்குவதற்கு முன்னால் சொன்னார்:

“விக்கிரமங்கலம் வரைக்கும் ஓட்டிப் பாத்தவரு நீங்கதான், நீங்க சொல்லுங்க.”